படம் முடிந்தபின் தொடங்கும் வாதங்கள்: நண்பர்களிடையே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையரங்கை விட்டு வெளியேறி வண்டியை எடுப்பதற்குள் நண்பர்களிடையே மூண்டுவிடும் வாதங்களில் பாதி, உண்மையில் படத்தைப் பற்றியவை அல்ல. வசூல் எவ்வளவு, தணிக்கையில் ஏன் அந்தச் சான்றிதழ், விருது ஏன் கிடைத்தது, ஓடிடியில் எப்போது வரும் என்பவையே மீண்டும் மீண்டும் எழுகின்றன. இவற்றுள் பலவற்றுக்குத் திட்டவட்டமான விடை உண்டு; விடை தெரியாததால்தான் நள்ளிரவு வரை நீள்கின்றன. அத்தகைய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த நடிகர் பெரியவர், எந்த இசையமைப்பாளர் சிறந்தவர் போன்றவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவற்றை அவரவர் தேநீர்க் கடையில் தீர்த்துக்கொள்ளலாம்.

“உலகெங்கும் இத்தனை கோடி வசூல்” என்று படக்குழு சுவரொட்டி வெளியிடுகிறது. அந்த எண்ணை நம்பலாமா?

இந்தியாவில் திரைப்பட வசூலைக் கணக்கிட்டுப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் அதிகாரபூர்வ அமைப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு திரையரங்கின் விற்பனைக் கணக்கும் வரித்துறைக்குப் போகிறது என்றாலும், அது படவாரியாகப் பொதுவெளிக்கு வருவதில்லை. ஆகவே தயாரிப்பு நிறுவனத்தின் சுவரொட்டியை ஒரு விளம்பரமாகவும், இணையத்தில் ‘டிராக்கர்’கள் தரும் எண்ணை ஒரு மதிப்பீடாகவும் மட்டுமே கொள்ள வேண்டும். டிராக்கர்கள் பெரும்பாலும் முன்பதிவுத் தளங்களில் நிரம்பிய இருக்கைகளை எண்ணியே கணக்குப் போடுகிறார்கள். சிறு ஊர்களில் கவுண்டரில் நேரடியாக விற்கும் டிக்கெட்டுகள் அந்தக் கணக்கில் அனுமானமாகத்தான் சேர்கின்றன.

இரண்டு நண்பர்கள் இரண்டு எண்களைச் சொல்லிச் சண்டையிடும்போது, இருவருமே சரியாகச் சொல்கிறார்கள் என்ற வாய்ப்பும் உண்டு. ஒருவர் ‘கிராஸ்’ தொகையைச் சொல்வார், மற்றவர் ‘ஷேர்’ தொகையைச் சொல்வார். பார்வையாளர் கட்டிய மொத்தப் பணம் கிராஸ். அதிலிருந்து வரியைக் கழித்தால் நெட். திரையரங்கின் பங்கும் போக விநியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 12 விழுக்காடாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் இதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரியும் உண்டு. ஒரு படத்தின் கிராஸ் 100 கோடி என்றும், எல்லாம் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுகள் என்றும் வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியைக் கழித்தாலே சுமார் 84.75 கோடிதான் மிஞ்சும். கேளிக்கை வரியும் போய், திரையரங்கும் விநியோகஸ்தரும் சரிபாதி பிரித்துக்கொண்டால், ஷேர் 40 கோடியை ஒட்டியே நிற்கும். நூறும் நாற்பதும் ஒரே படத்தின் ஒரே வசூல்தான்.

வசூலைக் குவித்த படத்தைச் சிலர் தோல்விப் படம் என்கிறார்களே, அது எப்படி?

யாருக்குத் தோல்வி என்று கேட்காமல் இந்த வாதத்தைத் தொடங்குவதே வீண். தமிழ்நாட்டு வியாபாரம் ஒரே சந்தையாக நடப்பதில்லை. சென்னை நகரம், செங்கல்பட்டும் வட, தென் ஆற்காடுகளும் சேர்ந்த பகுதி, கோவை, சேலம், மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்தே படத்தைக் கொடுக்கிறார்கள். மாவட்டங்கள் எத்தனையோ முறை பிரிக்கப்பட்ட பிறகும் சினிமாக்காரர்களின் வரைபடத்தில் ஆற்காடு இன்னும் வாழ்கிறது. ஒரு விநியோகஸ்தர் ‘மினிமம் கேரண்டி’ அடிப்படையில் வாங்கினால், பேசிய தொகையைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். படம் ஓடாவிட்டால் நஷ்டம் அவருடையது. ‘அட்வான்ஸ்’ அடிப்படையில் வாங்கினால், கொடுத்த தொகையில் வசூலாகாமல் போன பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். கமிஷன் அடிப்படையில் வெளியிட்டால், அவருக்கு அபாயம் மிகக் குறைவு.

இதனால், ஒரே படத்தில் கோவை விநியோகஸ்தர் லாபம் பார்க்கவும், அதிக விலைக்கு வாங்கிய மதுரை விநியோகஸ்தர் கையைச் சுட்டுக்கொள்ளவும், ஓடிடி, தொலைக்காட்சி, இசை, இந்தி மொழிமாற்று உரிமைகளை முன்பே விற்றுவிட்ட தயாரிப்பாளர் படம் வெளியாகும் முன்பே பாதுகாப்பான கரையில் நிற்கவும் முடியும். 2002-இல் வெளியான ‘பாபா’வுக்குக் கூட்டம் வராமல் போகவில்லை; அந்தப் படத்தை விற்ற விலை அவ்வளவு உயரத்தில் இருந்தது. நஷ்டமடைந்த விநியோகஸ்தர்களுக்கு ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அன்று பெரும் செய்தியாயிற்று. கூட்டத்தின் அளவை மட்டும் பார்த்து வெற்றி தோல்வி சொல்வதை விட, படத்தை விற்ற விலையோடு ஒப்பிட்டுப் பேசுவதுதான் முறை என்பது என் கருத்து.

அந்தக் காலத்தில் நூறு நாள் ஓடியது. இப்போது மூன்று வாரம்கூட ஓடுவதில்லை. அப்படியானால் பழைய படங்கள்தானே பெரிய வெற்றி?

1944-இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 2005-இல் வெளியான ‘சந்திரமுகி’ சாந்தி திரையரங்கில் 800 நாட்களைக் கடந்தது. ஆனால் பிலிம் சுருள் காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் பெரும் செலவு ஆனதால், படம் முதலில் ஏ சென்டர் எனப்பட்ட பெருநகரங்களில் மட்டும் ஓடி, பிறகு பி, சி சென்டர்களுக்கும் கடைசியில் டூரிங் டாக்கீஸுக்கும் போயிற்று. பார்வையாளர் படத்துக்காகக் காத்திருந்தார். இன்று டிஜிட்டல் முறையில் ஒரே காலையில் மாநிலத்தின் பெரும்பாலான திரைகளில் படம் விழுந்துவிடுவதால், நூறு நாட்களில் வரவேண்டிய கூட்டத்தின் பெரும்பகுதி பத்தே நாட்களில் வந்து முடிந்துவிடுகிறது. நாட்களை ஒப்பிடுவதும் தவறு, பணவீக்கத்தை மறந்து கோடிகளை ஒப்பிடுவதும் தவறு. விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கையே நியாயமான அளவுகோல்; பழைய படங்களுக்கு அதை ஒழுங்காக யாரும் பாதுகாத்து வைக்கவில்லை என்பதால், தலைமுறைகளுக்கு இடையிலான இந்தப் போட்டியில் நடுவர் இல்லை.

தமிழ்நாட்டில் முதல் காட்சி ஏன் ஒன்பது மணிக்கு? பெங்களூரு நண்பர் அதற்கு முன்பே கதையைச் சொல்லிவிடுகிறாரே?

2023 ஜனவரியில் நள்ளிரவைக் கடந்த காட்சிக்கான கொண்டாட்டத்தின்போது சென்னையில் ரசிகர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னர் விடியற்காலைச் சிறப்புக் காட்சிகளுக்கு மாநில அரசு அனுமதி தருவதை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ‘லியோ’ படத்தின் தயாரிப்பாளர் அதிகாலைக் காட்சி கேட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றும், காலை 9 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 1.30-க்குள் முடியும் ஐந்து காட்சிகளே கிடைத்தன. கேரளமும் கருநாடகமும் இந்த நேர வரம்புக்குள் வராதவை. பெங்களூரு நண்பரைத் திருத்த வழியில்லை. அவரது எண்ணை அன்று காலை மட்டும் ஒலியடக்கி வைக்கலாம்.

‘யூஏ’ என்றால் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? ‘ஏ’ என்றால் கூடவே கூடாதா?

1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்ட பிறகு, யூஏ என்ற ஒரே பிரிவு 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரிந்தது. இந்த வயது குறியீடு பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. பத்து வயதுப் பிள்ளையோடு யூஏ 13+ படத்துக்கு வரும் தந்தையைத் திரையரங்குப் பணியாளர் தடுக்க முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. ‘ஏ’ சான்றிதழ் வேறு வகை. பதினெட்டு வயது நிரம்பாதவரை அனுமதிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்; பெற்றோரின் சம்மதம் அதை மாற்றாது. டிக்கெட் வாங்கிய பிறகு வாசலில் நின்று வாதாடும் குடும்பங்களின் மேல் எனக்கு இரக்கம் உண்டு என்றாலும், சட்டம் பணியாளரின் பக்கமே இருக்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கிறது என்பதை 2025 ஆகஸ்டில் வெளியான ‘கூலி’ காட்டியது. ரஜினிகாந்த் படத்துக்கு ‘ஏ’ சான்றிதழா என்று நண்பர்கள் வட்டங்களில் ஏற்பட்ட வியப்பு ஒருபுறமிருக்க, குடும்பப் பார்வையாளர்கள் வர முடியாமல் போகிறது என்று தயாரிப்பு நிறுவனம் யூஏ சான்றிதழ் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது; அம்மனு தள்ளுபடி செய்யப்பட்டது. தயாரிப்பாளர்கள் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. தணிக்கை முடிவை எதிர்த்து முறையிட முன்பு இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு சிறிய படத்தின் தயாரிப்பாளர் வழக்குச் செலவுக்கு அஞ்சி வெட்டுகளை ஏற்றுக்கொள்வதே அதிகம் நடக்கிறது என்று நினைக்கிறேன். ரசிகர்கள் பெரிய நாயகர்களின் படங்களுக்காகக் காட்டும் கோபத்தில் ஒரு பங்கையாவது அந்தப் படங்களுக்காகக் காட்டலாம்.

மிரட்டல் வந்தால் படத்தை நிறுத்திவிடுவது சரிதானே?

இதற்கு 1989-இலேயே உச்ச நீதிமன்றம் விடை தந்துவிட்டது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில். இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை மாற்றி, ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற அச்சுறுத்தலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது என்றும், சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றும் அது தீர்ப்பளித்தது. அப்படத்தின் கருத்தை ஏற்காதவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு பயன்படும். இருந்தும் 2013-இல் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் ஏறத்தாழ இரண்டு வாரம் தாமதமாகவே வெளிவந்தது என்பதை எண்ணினால், தீர்ப்புக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் புரியும்.

ஓடிடி தொடர்களுக்குத் தணிக்கையே இல்லையா?

தணிக்கை வாரியத்தின் முன்சான்றிதழ் தேவையில்லை. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நிறுவனமே வயதுப் பிரிவை நிர்ணயித்துக் காட்ட வேண்டும். புகார்களை விசாரிக்க மூன்று அடுக்கு ஏற்பாடு உண்டு.

படம் எத்தனை வாரத்தில் ஓடிடிக்கு வரும்? காத்திருப்பது நியாயமா?

தமிழ்ப் படங்களுக்குப் பொதுவாக நான்கு வார இடைவெளி வழக்கத்தில் இருக்கிறது. இந்தியில் பெரிய மல்டிப்ளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரத்தை வலியுறுத்துகின்றன. தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்களும் எட்டு வாரம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். நான்கு வாரமே போதும் என்பதால்தான், பெரிய தமிழ்ப் படங்கள் வட இந்தியாவின் முன்னணி மல்டிப்ளெக்ஸ்களில் வெளியாகாமல் போகின்றன. அங்கே இந்தி வசூல் குறைந்ததைப் படத்தின் தரத்தோடு இணைத்துப் பேசும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பூசல் ஓடிடியோடு தொடங்கியதும் அல்ல. 2018 அக்டோபரில் வெளியான ‘96’ திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நவம்பரில் தீபாவளிச் சிறப்பாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அப்போதும் இதே குரல்கள்தான் எழுந்தன. 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக ஓடிடியில் வந்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் வெகுண்டெழுந்தார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அவ்வாறே வந்த ‘சூரரைப் போற்று’ பின்னர் சிறந்த படம் உட்பட ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றது. காத்திருப்பது நியாயமா என்று கேட்டால், குடும்பத்தோடு மல்டிப்ளெக்ஸுக்குப் போய்த் தின்பண்டமும் வாங்கும் செலவை அறிந்தவர் எவரும் காத்திருப்பவரைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் காத்திருப்பவர், முதல் வாரம் பார்த்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு மாதம் ஊரடங்கு விதிக்க முடியாது. முதல் வார இறுதி முடியும் வரை முக்கியத் திருப்பத்தைச் சொல்லாமல் இருப்பது பார்த்தவரின் கடமை; அதன் பிறகு காதைப் பொத்திக்கொள்வது பார்க்காதவரின் பொறுப்பு.

2025-இல் அறிவித்த தேசிய விருதில் 2023-ஆம் ஆண்டுப் படங்கள் ஏன்?

தேசிய விருதுக்குக் கணக்கில் கொள்ளப்படுவது, அந்த நாட்காட்டி ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வுகள் தள்ளிப்போன தாமதம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆகவே 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவித்த 71-ஆவது விருதுகள் 2023-க்கு உரியவை. அவற்றில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானதும், எம்.எஸ்.பாஸ்கருக்குத் துணை நடிகர் விருதைப் பெற்றுத் தந்ததும் ‘பார்க்கிங்’. இன்ன படத்தை நடுவர்கள் புறக்கணித்துவிட்டார்கள் என்று கொதிப்பதற்கு முன், அது அந்த ஆண்டின் சான்றிதழ் பெற்றதா, விண்ணப்பிக்கப்பட்டதா என்று பார்ப்பது நல்லது.

‘கங்குவா’ ஆஸ்கர் பட்டியலில் இடம்பிடித்தது என்று செய்தி வந்ததே?

2025 ஜனவரியில் வந்த அது, போட்டியில் கருதப்படத் தகுதி பெற்ற படங்களின் பட்டியல் மட்டுமே; அதில் 323 படங்கள் இருந்தன. குறிப்பிட்ட அமெரிக்க நகரங்களில் ஒன்றில் ஒரு வாரமாவது திரையிட்டு, உரிய படிவங்களைத் தாக்கல் செய்த படங்கள் அதில் இடம்பெறும். தேர்வில் மதிப்பெண் பெற்றதற்கும், தேர்வெழுத நுழைவுச்சீட்டு வாங்கியதற்கும் உள்ள வேறுபாடே இங்கும். 2021-இல் ‘சூரரைப் போற்று’ குறித்து வந்த செய்தியும் இத்தகைய பட்டியலைப் பற்றியதுதான். உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிந்துரைப் பட்டியல் அதற்குப் பின்னர் வருவது.

இந்தியா தன் சார்பில் அனுப்பும் படம் மூன்றாவது வகை. இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் குழு ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 1969-இன் ‘தெய்வமகன்’ தொடங்கி ‘நாயகன்’, ‘தேவர் மகன்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ எனப் பல தமிழ்ப் படங்கள் அவ்வாறு சென்றும், எதுவும் இறுதிப் பரிந்துரையை எட்டவில்லை. ஆனால் 2023-இல் ஆஸ்கர் வென்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ முதுமலையில் எடுக்கப்பட்டது, அதில் பேசப்படுவது தமிழ் என்பதை இந்த வாதங்களில் ஏனோ எவரும் நினைவுகூர்வதில்லை. குறும் ஆவணப்படம் என்பதால் ரசிகர் மன்றம் அமையவில்லை போலும்.

“இது அந்தப் படத்தின் காப்பி” என்று எப்போது சொல்லலாம்?

நண்பர்களிடையே எப்போதும் சொல்லலாம். நீதிமன்றத்தில் அவ்வளவு எளிதல்ல. ஒரு கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அந்தக் கரு வெளிப்பட்ட விதத்துக்கே உண்டு என்பதை 1978-இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் வகுத்தது. பழிவாங்கும் தந்தை, ஞாபகமறதி உள்ள நாயகன், ஓர் இரவில் நடக்கும் கதை என்பவை யாருடைய சொத்தும் அல்ல. காட்சி வரிசை, பாத்திரங்களின் உறவுகள், திருப்பங்கள் ஆகியவை ஒன்றுபோல் அமைந்து, இரண்டையும் பார்த்த ஒருவருக்கு இது அதன் நகல் என்ற எண்ணம் ஐயமின்றி ஏற்பட்டால்தான் சிக்கல். 2018-இல் ‘சர்கார்’ தொடர்பாக உதவி இயக்குநர் ஒருவர் தொடுத்த வழக்கு, படம் வெளியாகும் முன்னரே அவரது பெயருக்கு நன்றி தெரிவிப்பதாக ஒப்புக்கொண்டு சமரசத்தில் முடிந்தது. கதையை எழுத்தாளர் சங்கத்தில் முன்கூட்டியே பதிவு செய்வது ஏன் பயன்படும் என்பதற்கு அது நல்ல சான்று.

எங்கள் வீட்டில் யாரும் பார்க்காத சீரியலுக்கு எப்படி இவ்வளவு டிஆர்பி?

உங்கள் வீட்டில் மீட்டர் இல்லை என்பதே விடை. பார்க் இந்தியா என்ற அமைப்பு, நாடெங்கும் 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் கருவி பொருத்தி, அலைவரிசைகளின் ஒலியில் பதிந்திருக்கும் குறியீட்டைக் கொண்டு எந்த நேரத்தில் எது ஓடியது என்று பதிவு செய்கிறது. வீட்டில் யார் பார்க்கிறார் என்பதைத் தனிப் பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டும். அந்த மாதிரியிலிருந்து மொத்த மக்கள்தொகைக்கு விரித்துக் கணக்கிடுகிறார்கள். சீரியலை மறுநாள் கைப்பேசிச் செயலியில் பார்க்கும் நீங்களும் நானும் அதில் சேர்வதில்லை. ஆகவே டிஆர்பி என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வரவேற்பறைத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவர்களின் ரசனை. சமூக ஊடகங்களில் கேலிக்கு உள்ளாகும் தொடர் முதலிடத்தில் இருப்பதும், எல்லோரும் பகிரும் தொடர் பின்தங்குவதும் இதனால் நேர்பவை.

முதல் நாள் விமர்சனங்கள் படத்தைக் கொல்கின்றன. அவற்றைத் தடை செய்தால் என்ன?

2024 நவம்பரில், திரையரங்கு வளாகத்தில் பார்வையாளரின் கருத்தைப் படம்பிடிக்க யூடியூப் அலைவரிசைகளை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று கேட்டுக்கொண்டது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனத்தைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கில், டிசம்பரில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. தன் வளாகத்துக்குள் ஒலிவாங்கியை அனுமதிக்காமல் இருப்பது திரையரங்கின் உரிமை. கருத்தே சொல்லாதே என்பது வேறு. முதல் காட்சிக்கு முன்பே படத்தை விண்ணளவு புகழ்ந்து நேர்காணல் தரும் படக்குழு, முதல் காட்சி முடிந்தபின் வரும் ஏமாற்றத்தை மட்டும் மூன்று நாள் ஒத்திவைக்கக் கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நடிகரின் தோற்றத்தையும் குடும்பத்தையும் இழிவுபடுத்துவது விமர்சனம் ஆகாது. அதற்கு அவதூறுச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

நான் சொல்லும் காட்சி படத்தில் இல்லவே இல்லை என்று நண்பர் சத்தியம் செய்கிறார். யார் சொல்வது சரி?

இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். நீளம் பற்றிய புகாரால் வெளியீட்டுக்குப் பிறகு படத்தைக் குறைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ சில நாட்களிலேயே 12 நிமிடம் குறைந்தது. முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் பார்த்தது வெவ்வேறு தொகுப்பு. தொலைக்காட்சியில் ‘ஏ’ படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது என்பதால், வெட்டித் தனிச் சான்றிதழ் பெற்ற பிரதியே அங்கு வரும். ஓடிடியில் திரையரங்குப் பிரதியை விட நீண்டதும் வரலாம், குறைந்ததும் வரலாம். உரிமைச் சிக்கலால் பாடல் நீக்கப்பட்ட பிரதியும் வரலாம். மறுவெளியீட்டில் 4கே தரத்துக்கு மாற்றும்போது நகைச்சுவைத் தடத்தையோ ஒரு பாடலையோ கைவிடுவதும் உண்டு. எனவே பந்தயம் கட்டுவதற்கு முன், எந்த நாளில், எந்தத் திரையில் பார்த்தீர்கள் என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தயம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால், பிரியாணிச் செலவைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.